நீலம் படிந்த ஐந்து ரூபாய்

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
6 ஜூலை 2025

அன்புள்ள ஜாக்குலின் அக்காவுக்கு,

உங்கள் சித்தி மகள் அக்சிலியா எழுதுவது. இயேசு உங்களோடு இருப்பாராக. பெரியம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். யாரிடம் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். அதனால் இருவரும் தூங்கியபின் எமர்ஜென்சி லைட்டைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தபால் பெட்டி இருக்கிறது.

பழைய காசுகளை ஏலம் விடும் கம்பெனியில் நீங்கள் காசைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பதால் கேட்கிறேன். தப்பாக அச்சான காசுக்கு எதை வைத்து விலை போடுகிறார்கள்? பிளஸ் ஒன் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தது தடியான பழைய ஐந்து ரூபாய். ஒரு பக்கம் சிங்கம் எப்போதும் போல மேடாக இருந்தது. மறுபக்கம் 5 என்ற எண்ணுக்குப் பதிலாக அதே சிங்கம், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, குழியாக இருந்தது. இரண்டு பக்கத்தையும் தாளில் வைத்துப் பென்சிலால் தேய்த்து இதனுடன் அனுப்புகிறேன். எங்கே பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். போன் செய்யாதீர்கள்.

பெரியம்மாவுக்கு என் முத்தங்கள்.
அக்சிலியா

*

சென்னை
15 ஜூலை 2025

என் செல்ல அக்சிலியா,

ஆண்டவர் ஆசீர்வதிப்பார். அம்மாவின் சர்க்கரை குறையவில்லை, ஜிலேபி மட்டும் குறைந்திருக்கிறது. உன் கடிதத்தைப் பார்த்து ஆபீஸில் ஒரே கேலி. "என்ன மேடம், லவ் லெட்டரா? இந்தக் காலத்துல ஸ்டாம்பு ஒட்டி லவ் பண்ற ஆளை விட்றாதீங்க" என்கிறார்கள்.

ப்ராஜெக்டுக்குச் சொல்கிறேன். யூடியூபில் லட்சம், கோடி என்பதெல்லாம் பொய். நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: தப்பு நாணய ஆலைக்குள் நடந்ததா, வெளியே வந்தபின் நடந்ததா? உள்ளே நடந்தால் அது பிழைக்காசு. வெளியே நடந்தால் வெறும் அடிபட்ட காசு. அதற்குப் பிறகுதான் பிழை எவ்வளவு அபூர்வம், எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது, கீறல் இல்லாமல் இருக்கிறதா என்பதெல்லாம். கடைசியில், அதை விரும்பும் இரண்டு பேர் ஒரே நாளில் ஏலத்துக்கு வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் அவர் சொன்னதுதான் விலை.

நீ பார்த்த வகை ஆலையில் நிஜமாகவே நடக்கும். அடித்த காசு கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெற்றுத் தகட்டின்மேல் அச்சு இறங்கும்போது, ஒட்டிய காசின் முகம் அதில் குழியாகப் பதியும். நல்லதாக இருந்தால் இருபது, முப்பதாயிரம் போகும்.

ஆனால் நீ அனுப்பியது அதுவல்ல. மேட்டுச் சிங்கத்தின் மூக்கு சப்பையாக இருக்கிறது பார். யாரோ இரண்டு காசை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். அதன் விலை ஐந்து ரூபாய். டீக்கடைக்காரர் கண்ணாடி போடாதவராக இருந்தால்.

சித்தப்பா, சித்திக்கு என் அன்பு.
ஜாக்குலின்

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம். உங்களுக்கு வரன் பார்க்கிறார்களா என்று அம்மா கேட்கச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, இப்போது பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாதான் கொண்டுவந்து கொடுத்தார். "உங்கக்கா லெட்டரு சாமி. மழைல நனைஞ்சு வாய் பிரிஞ்சு போச்சு, நாந்தான் ஒட்டி வெச்சேன்" என்றார். எங்கள் ஊரில் அன்று மழை இல்லை. தபால் வந்த வழியில் பெய்திருக்கலாம். ஒளித்து எழுதியதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவே இல்லை. மறுநாள் ஒரு கட்டு தபால் உறை வாங்கி வந்து, "எழுது சாமி, அக்காவுக்கு எழுதறது நல்லதுதான்" என்றார். எனக்கு ஏனோ திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அக்கா, இப்போது இன்னொரு காசு பார்த்தேன். தேய்த்து அனுப்பியிருக்கிறேன். இதில் சிங்கத்தின் மூக்கு சப்பையாக இல்லை. அப்படியென்றால் இது ஆலையில் நடந்ததுதானே? ஆமாம் என்று எழுதுங்கள். தயவுசெய்து.

வெள்ளி விலை ஏறியதிலிருந்து கொலுசு ஆர்டர் வருவதில்லை. அப்பாவின் பட்டறையில் பூ அச்சுப் போடும் பிரஸ் மட்டும் சில நேரம் ஓடுகிறது. சேலத்திலிருந்து சண்முகவேல் என்று ஒருவர் பைக்கில் வந்து போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
அக்சிலியா

*

சென்னை
21 ஆகஸ்ட் 2025

அன்பு அக்சிலியா,

நலம், நலமறிய ஆவல். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டாயா? வரன் வந்தது என்று சித்தியிடம் சொல். பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள், பையனுக்கு எவ்வளவு என்று நான் கேட்டேன். டிபன் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

இரண்டாவது காசு முதல் காசைவிட நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதைச் செய்கிறவன் கற்றுக்கொண்டே போகிறான். மேட்டுப் பக்கம் நசுங்காமல் அடியில் மெத்தென்று ஏதோ வைத்திருக்கிறான். ஆனால் குழிச் சிங்கத்தின் பக்கத்தில் பழைய 5 நிழலாகத் தெரிகிறது. ஆலைப் பிழையில் அங்கே எண் இருந்திருக்கவே முடியாது. அரம் போட்டு எண்ணை அழித்தால் எடை குறையும். அந்தக் காசு ஒன்பது கிராம். தராசில் வைத்தால் குட்டு உடைந்துவிடும்.

இன்னொன்று. புதிதாக அழுத்திய குழி உள்ளே பளபளவென்று மின்னும். உண்மையான காசு இருபது வருடம் ஆட்கள் கையில், பையில், உண்டியலில் கிடந்திருக்கும். மேட்டிலும் குழியிலும் அழுக்கு ஒரே மாதிரி இருக்கும். அந்த அழுக்கை யாராலும் கடையில் வாங்க முடியாது.

இப்படிக் காசை மாற்றி விற்பது குற்றம் என்பதாவது உனக்குத் தெரியட்டும். யாருடையது இது? எனக்கு மட்டும் சொல்.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
ஜாக்குலின்

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
14 செப்டம்பர் 2025

அக்கா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனிமேல் வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம். உறையின் பின்னால் இருப்பது என் வகுப்புத் தோழி சௌந்தர்யாவின் முகவரி. அவள் வீட்டில் யாரும் அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதில்லை.

காசைப் பற்றி இனி எதுவும் எழுதாதீர்கள். ஒரு வரிகூட வேண்டாம். நான் முட்டாள்.

உங்கள் கடிதம் வந்த வாரமே எனக்கு வீட்டில் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். என்ன வேலை என்று எழுதக் கை வரவில்லை. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் என் சுடிதார் பாக்கெட் கனமாக இருக்கிறது. பி.டி. பீரியடில் ஓடினால் சத்தம் கேட்கிறது. "என்னடி, கோயில் உண்டியலை உடைச்சுட்டியா?" என்று சௌந்தர்யா சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். போன வாரம் பாக்கெட்டிலேயே பேனா கசிந்து எல்லாம் நீலமாகிவிட்டது. அம்மா திட்டினார். அப்பா அம்மாவைத் தடுத்து, "உடு, புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாத" என்றார். எனக்காகப் பேசினாரா, பாக்கெட்டில் இருந்ததற்காகப் பேசினாரா என்று தெரியவில்லை.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடமும் பாவத்தைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்காக ஜெபியுங்கள்.
அக்சிலியா

*

சென்னை
9 நவம்பர் 2025

என் அன்பு அக்சிலியா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் கடிதம் வந்தபோது ஏல வேலை தலைக்கு மேல் இருந்தது. பேனா கசிந்ததற்கா இவ்வளவு அழுகை? பெரிய ஸ்கூலில் சேர்ந்தால் முதல் வருடம் அப்படித்தான். எல்லாம் சரியாகும்.

காசைப் பற்றி எழுதாதே என்றாய். இந்த ஒரு முறை மட்டும் எழுதிவிடுகிறேன், சந்தோஷம் தாங்கவில்லை. நாம் பேசிக்கொண்டிருந்த அதே வகை ஐந்து ரூபாய், இந்த முறை அசல், எங்கள் ஏலத்துக்கு வந்தது! உங்கள் சேலத்து வியாபாரி ஒருவர் வழியாகத்தான். நான் முதலில் நம்பவில்லை. தராசில் வைத்தேன், எடை சரி. எண்ணின் நிழல்கூட இல்லை. மேட்டுச் சிங்கம் கூர்மையாக இருக்கிறது. அழுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. சிங்கத்தின் காதோரக் குழியில் லேசாக ஒரு நீலம் படிந்திருக்கிறது. உலோகம் காலப்போக்கில் எடுக்கும் நிறம் அது. வாங்குகிறவர்கள் அதற்காகவே கூடக் கொடுப்பார்கள். முதலாளி அதைப் பார்த்ததும் விசிலடித்தார்.

சான்றிதழில் முதல் முறையாக என் கையெழுத்து! இருபத்தெட்டாயிரத்துக்குப் போனது. கேட்டலாக்கில் அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புகிறேன். கீழே என் பெயர் போட்டிருக்கிறார்கள், பார். அம்மா இன்னொரு பிரதியை ஃபிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

சித்தியிடம் சொல், சந்தோஷப்படுவார்.
ஜாக்குலின்

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
16 நவம்பர் 2025

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. கேட்டலாக் பக்கத்தை சௌந்தர்யா வீட்டு மாடிப்படியில் நின்று பிரித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது பழைய நீலம் இல்லை, அக்கா. என் பேனா மை.

எல்லாம் அப்பா செய்தது. நீங்கள் வீட்டுக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் எனக்கு முன்னால் அவர் படித்திருக்கிறார். மூக்கு சப்பை என்று எழுதினீர்கள். ஈயத்தை உருக்கி, மேட்டுச் சிங்கம் உட்கார ஒரு படுக்கை செய்தார். எடை குறையும் என்று எழுதினீர்கள். அரம் போடுவதை விட்டுவிட்டு, காசைச் சிவக்கச் சூடாக்கி, எண் இருந்த பக்கத்தைப் பாலிஷ் தகட்டில் அழுத்தியே வழித்தார். அழுக்கைக் கடையில் வாங்க முடியாது என்று எழுதினீர்கள். அந்த வாரமே ஒரு காலையில் என் கையில் மூன்று காசைக் கொடுத்து, "சில்லறையோட சேத்திப் பாக்கெட்டுல போட்டுக்க சாமி. எடுத்து எடுத்துக் கையில உருட்டிக்கோ" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஜூலையில் பட்டறை மேசைக்கு அடியில் முதல் காசைப் பார்த்தபோது பயந்துதான் உங்களுக்கு எழுதினேன். இது தப்பா, மாட்டிக்கொள்வாரா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல் ப்ராஜெக்ட் என்றேன். நான் கேட்டுக் கேட்டு எழுதியதால்தான் அவருக்கு எல்லாம் தெரிந்தது. அவர் செய்ததில் பாதி நீங்கள் சொன்னது. மீதி என் பாக்கெட்.

உங்கள் கையெழுத்து அதன்மேல் இருக்கிறது. காசைத் திரும்ப வாங்க முடியுமா? அப்பாவைப் பிடித்துப் போய்விடுவார்களா? நீங்கள் எதைச் செய்தாலும் சரி. ஆனால் உண்மை தெரியாமல் நீங்கள் சந்தோஷமாக இருப்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அக்சிலியா

*

சென்னை
18 டிசம்பர் 2025

அக்சிலியா,

இத்தனை நாள் பதில் போடாதது கோபத்தால்தான். வேலை எதுவும் இல்லை. எனக்கு இப்போது வேலையே இல்லை.

உன் கடிதம் வந்த அன்றே முதலாளி அறைக்குப் போனேன். "சார், நான் தப்பாகச் சான்று கொடுத்துவிட்டேன். அது போலி. அந்த நீலம் பேனா மை" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சொல்லவில்லை. சித்தப்பா பெயர் என் வாயிலிருந்து வரவில்லை, அதற்காக நீ பயப்பட வேண்டாம். அவர் கோபப்படுவார், போலீஸ் என்பார் என்றெல்லாம் நினைத்து நின்றேன். அவர் சிரித்தார்.

"உக்காரும்மா. உனக்கே தெரியலைன்னா ஊர்ல எவனுக்குத் தெரியும்? அவன் வாங்கினது காசை இல்ல, உன் கையெழுத்தை. கையெழுத்து அசல்தானே?" என்றார்.

வாங்கியவருக்கு நானே போன் செய்தேன். அவர் பதறிப்போய், "மேடம், இதை வெளிய சொல்லிடாதீங்க. மும்பை ஏலத்துக்கு அனுப்பிட்டேன், நாப்பதாயிரத்துக்குக் கேக்குறாங்க" என்றார். அக்சிலியா, எதை வைத்து விலை போடுகிறார்கள் என்று நீ கேட்டாயே. எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் உனக்கு வாத்தியார் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, "இதே மாதிரி இன்னும் பத்து கிடைக்குமா? நீ சைன் பண்ணிக் குடு, உனக்கும் பங்கு" என்றார். என் சான்றிதழ் செல்லாது என்று எழுதி, அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தாளை அவர் என்ன செய்திருப்பார் என்று உனக்கே தெரியும். இந்தத் தொழிலில் இனி யாரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். லீவு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஃபிரேம் இன்னும் சுவரில் இருக்கிறது.

மையா என்று ஒரு சொட்டு ரசாயனம் விட்டுப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை, அசலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது என் தப்பு, உன்னுடையது இல்லை. உன்மேல் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொன்னது நல்லது.

அந்தக் காசைக் கொண்டுவந்த சண்முகவேலின் நம்பர் முதலாளியிடம் இருக்கிறது. ஜாக்கிரதை. கிறிஸ்துமஸுக்கு வர மாட்டேன்.

ஜாக்குலின்

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
25 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மற்றவர்களுக்கும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

புத்தாண்டு முடிந்து உங்கள் முதலாளி வெள்ளைக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்முகவேல்தான் கூட்டி வந்தார். அம்மா டீ போட்டார், நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேவியர்ராஜ், இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா! எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, ஜாக்குலின்னு பேரு. பூதக்கண்ணாடி வச்சுக்கிட்டு எவனையும் உள்ள விடாது. அதையே ஏமாத்திட்டியே. அப்புறம் என்ன ஆச்சோ, ஒரே அழுகை, வேலையை விட்டுட்டுப் போயிருச்சு. போனா போகட்டும், சைன் போட வேற ஆள் வச்சாச்சு."

அப்பாவின் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை. காசு எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்கு அதுவரை தெரியாது, அக்கா. சண்முகவேலிடம் கொடுத்ததோடு சரி. நீங்கள் கேட்டலாக் பக்கத்தை அனுப்பியது சௌந்தர்யா வீட்டுக்கு. என் முகத்தைப் பார்த்தார். எனக்கு முன்பே தெரியும் என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

"வாரேனுங்க" என்று பின்பக்கம் போனார். தொட்டியில் முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து முதலாளியிடம் வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"எத்தனை வேணுமுங்க?" என்றார்.

முதலாளி பத்து என்றார். மேசைமேல் நோட்டுக்கட்டை வைத்தார். கார் போன பிறகு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். "அந்தப் புள்ள சோத்துல மண்ணப் போட்டுட்டு, நீங்க என்னத்தத் திங்கப் போறீங்க?" என்று கேட்டார். "வட்டிக்காரன் வந்து ஊட்டு முன்னால நிக்கறப்ப நீ போயி பதில் சொல்றியா?" என்று அப்பா கத்தினார். பிறகு இரண்டு நாள் பட்டறையில் பிரஸ் ஓடியது.

போன வாரம் பத்துக் காசும் என் பாக்கெட்டுக்கு வந்தன. இந்த முறை அப்பா கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா, பள்ளிக்கூடத்துப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, காம்பஸ் முள்ளால் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டேன். மேட்டுச் சிங்கத்தின் பாதத்துக்குக் கீழே, சக்கரத்துக்கும் குதிரைக்கும் நடுவில், மேலிருந்து கீழாக. லென்ஸ் இருந்தால்தான் தெரியும். பத்திலும் ஒரே இடம். ஆலையில் இப்படி ஒரு கோடு விழாது என்றும், இந்தக் கோடு இருப்பதெல்லாம் பட்டறைக் காசு என்றும் நீங்கள் சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைச் சாட்சியாகக் காட்டுங்கள். உங்கள் சொல்லை நம்ப அவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். என் பெயரை மறைக்க வேண்டாம். அப்பாவின் பெயர் இதில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று முதலாளி எடுத்துப் போக வந்தார். அப்பா ஒவ்வொரு காசையும் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார். அது எனக்கு நினைவில்லாமல் போய்விட்டது. அவர் லென்ஸை எடுத்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். முதல் காசைப் பார்த்தார். திருப்பினார். மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். அதன்பின் வேகமாகப் பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

லென்ஸைக் கழற்றினார். பத்தையும் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

அப்பா டப்பாவை அவர் கையில் கொடுத்தார். "பாத்துட்டேனுங்க" என்றார். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க."

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்சிலியா